மெஷின் மலையிறங்கிவிட்டது, காகிதம் நிற்கிறது: உணவு இயந்திர ஏற்றுமதியில் பிழை நீக்கும் வழிமுறை

குன்னூர், அருவங்காடு, கோத்தகிரி, கேத்தி பக்கம் பட்டறை வைத்து, உணவுத் தொழிலுக்கான மெஷின் செய்து வெளிநாட்டுக்கு ஒன்றிரண்டாக அனுப்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குட்டி டீ ரோலர், டிரையர், கேரட் கழுவும் டிரம், சாக்லேட் அரைக்கும் கிரைண்டர் என்று எதுவானாலும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கோவையின் பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே தனி ஆள் இருப்பார். நம் பட்டறைகளில் கணக்கு எழுதுபவர், கூரியருக்கு ஓடுபவர், ஏற்றுமதிக் காகிதம் பார்ப்பவர் எல்லாம் ஒரே ஆள். அதனால் விதிகளை வரிசையாகச் சொல்லாமல், போனில் வரும் புகாரிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்தப் புகார் வந்தாலும், சுங்க ஏஜென்டுக்குப் போன் போடுவதற்கு முன் மூன்றை ஒரே மேஜையில் பரப்பி வையுங்கள்: நேம் பிளேட்டின் போட்டோ, இன்வாய்ஸ், கூட அனுப்பிய சான்றிதழ்கள். மாடல் பெயர், வரிசை எண், மோட்டார் கிலோவாட், வோல்ட், தயாரித்த ஆண்டு, எடை ஆகியவை மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளேட்டில் ‘ஆர்-10’, இன்வாய்ஸில் ‘மினி ரோலர் 10 கிலோ’, டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘டீ ரோலிங் மெஷின்’ என்று இருந்தால், நமக்கு அது ஒரே மெஷின். துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அவை மூன்று மெஷின்கள். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்குமேல் இந்த மேஜையிலேயே பிடிபட்டுவிடும்.

“ஷிப்பிங் பில்லே ஏறவில்லை”

ஷிப்பிங் பில் என்பது ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் போடும் படிவம். இது சின்ன விஷயம், பதற வேண்டாம். மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலில் ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு. எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் ‘புதுப்பித்தேன்’ என்று உறுதிசெய்ய வேண்டும். விட்டுவிட்டால் குறியீடு செயலிழந்துவிடும். வருடத்துக்கு ஒரு மெஷின் அனுப்பும் பட்டறைகள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. தளத்தில் விவரத்தைப் புதுப்பித்தால் மீண்டும் உயிர்பெறும்.

அடுத்தது ஏ.டி. கோடு, அதாவது ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண். தூத்துக்குடி வழியாகப் போன வருடம் அனுப்பியிருப்பீர்கள், இந்த முறை கப்பல் கொச்சியில் கிடைத்திருக்கும். கொச்சிக்கு அந்தக் கோடு பதிவாகியிருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள்.

மூன்றாவது, வரி கட்டாமல் அனுப்ப ஜி.எஸ்.டி. தளத்தில் கொடுக்கும் எல்.யூ.டி. எனும் உறுதிக் கடிதம். அது ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான். போன நிதியாண்டுக்குக் கொடுத்தது ஏப்ரலில் செல்லாது. ஷிப்பிங் பில்லையே இது நிறுத்தாவிட்டாலும், ஐ.ஜி.எஸ்.டி. கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கும் சுற்றில் பணம் மாட்டிக்கொள்ளும்.

“அங்கே வேறு எச்.எஸ். எண் சொல்லி வரியை ஏற்றிவிட்டார்கள்”

எச்.எஸ். எண் என்பது சுங்க வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். நம் ஊரில் வழக்கம், ‘உணவு மெஷின்தானே’ என்று எல்லாவற்றுக்கும் 8438 போட்டுவிடுவது. அந்தத் தலைப்பு, 84-ஆம் அத்தியாயத்தில் வேறெங்கும் சொல்லப்படாத உணவு, பானத் தயாரிப்பு மெஷின்களுக்கானது. ‘வேறெங்கும் சொல்லப்படாத’ என்ற அந்த வாலைத்தான் யாரும் படிப்பதில்லை.

டீ டிரையர், கொக்கோ வறுக்கும் ரோஸ்டர் போல வெப்பத்தால் வேலை செய்பவை 8419. ஒரு மெஷின் இரண்டு தலைப்புக்கும் பொருந்துகிறது என்று வாதம் வந்தால், 8401 முதல் 8424 வரையிலான தலைப்புகளுக்கே பொதுவாக முன்னுரிமை என்று அந்த அத்தியாயத்தின் குறிப்பே சொல்கிறது. டீ இலையை உருட்டும், வெட்டும் மெஷின்கள் 8438-இல்தான் வரும். சாக்லேட் கிரைண்டரும் அங்கேதான். கேரட் கழுவும் டிரம்மோ, பலரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது: விளைபொருளைச் சுத்தம் செய்து, தரம் பிரிக்கும் மெஷின்களுக்கான 8433. அதே கேரட்டைத் தோல் சீவி வெட்டும் மெஷின் என்றால் மறுபடி 8438.

உலகம் முழுக்கப் பொதுவானது முதல் 6 இலக்கம் மட்டுமே. அதற்குமேல் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி பிரித்துக்கொள்ளும். எனவே விலை பேசும்போதே வாங்குபவரின் கிளியரிங் ஏஜென்டிடம் அவர்கள் நாட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, நம் 6 இலக்கத்தோடு ஒத்துப்பார்த்து, முன்கூட்டிக் கொடுக்கும் விலைப்பட்டியலான புரொஃபார்மா இன்வாய்ஸிலேயே எழுதிவிடுங்கள். இன்வாய்ஸ் விவரணையில் ‘ஃபுட் மெஷினரி’ என்று மொட்டையாக எழுதாமல், அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதினால் பாதித் தகராறு எழாது.

“மரப்பெட்டியைக் காட்டித் திருப்பி அனுப்பு என்கிறார்கள்”

மெஷினில் ஒரு குறையும் இருக்காது. பெட்டியின் பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இல்லை, அவ்வளவுதான். அந்த முத்திரையைக் கேட்கும் விதிக்குப் பெயர் ஐ.எஸ்.பி.எம். 15. மரத்தில் ஒளிந்து பூச்சி நாடு தாண்டக் கூடாது என்பதற்காக, மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். முத்திரையில் ‘ஐஎன்’ என்ற நாட்டுக் குறி, பதப்படுத்திய நிறுவனத்தின் பதிவு எண், ‘எச்டி’ என்ற சிகிச்சைக் குறி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். கையால் எழுதியது செல்லாது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலாவது குத்தியிருப்பது நல்லது.

நீலகிரியில் இது ஏன் தனிச் சிக்கல் என்றால், மரம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. எஸ்டேட்டில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் விழுந்தால் அறுத்துப் பலகையாக்கிவிடுவோம். பச்சை வாசனை போகாத அந்தப் பலகையிலேயே பெட்டி அடித்துவிடுவோம். உள்ளூருக்கு அது போதும், கப்பலுக்குப் போதாது. பதிவுபெற்ற இடத்தில் முத்திரையோடு பெட்டி வாங்குங்கள், அல்லது பிளைவுட்டுக்கு மாறிவிடுங்கள். பிளைவுட்டும், 6 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ தடிமன் உள்ள மரமும் இந்த விதிக்குள் வராது.

பெட்டி சரியாக இருந்தும் மாட்டிக்கொள்வது ஆப்பினால். பெரிய டிரெய்லர் நம் மலைக்கு ஏறுவது சிரமம் என்பதால் சரக்கு லாரியில் பர்லியாறு வழியாக இறங்கி, இருகூரிலோ துறைமுகத்துக் கிடங்கிலோ கன்டெய்னருக்கு மாறுகிறது. வளைவுக்கு வளைவு குலுங்கி வந்த மெஷின் ஆடாமல் இருக்க, ஏற்றுபவர்கள் கையில் கிடைத்த மரத்துண்டை அடியில் சொருகிவிடுவார்கள். பட்டையோடு இருக்கும் அந்த ஒரு துண்டுக்கும் இதே விதிதான். உடைந்த பலகைக்கு மாற்றாக அடித்த புதுப் பலகைக்கும் இதேதான். முத்திரையுள்ள ஆப்புகளை ஒரு சாக்கில் கட்டி லாரியிலேயே அனுப்புங்கள். கன்டெய்னர் கதவை மூடும் முன் உள்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த போட்டோவிலேயே ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். குன்னூர்க் குளிரில் இருந்த இரும்பு சமவெளிப் புழுக்கத்தைத் தொட்டதும் வியர்க்கும். பிளாஸ்டிக் சுற்றினால் மட்டும் போதாது, ஈரம் உறிஞ்சும் பைகளும் வேண்டும். துருப்பிடித்த மெஷினுக்கு எந்தச் சான்றிதழும் கைகொடுக்காது.

“மொம்பாசாவில் நிற்கிறது, சி.ஓ.சி. கேட்கிறார்கள்”

இந்தப் புகார் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கென்யாவின் தர நிர்ணய அமைப்பான கெப்ஸ், 2005 முதல் ‘ஏற்றுமதிக்கு முன்பே சரிபார்த்தல்’ என்ற முறையை நடத்துகிறது. சரக்கு இங்கிருந்து கிளம்பும் முன்பே, அவர்கள் நியமித்த ஆய்வு நிறுவனம் ஆவணங்களையும் மெஷினையும் பார்த்து சி.ஓ.சி. எனும் தர இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் போனால் அங்கேயே ஆய்வு, கூடுதல் கட்டணம், அபராதம் என்று இழுக்கும். கன்டெய்னர் வாடகை வேறு தினமும் ஓடும்.

சரிசெய்யும் வழி ஆர்டர் வந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். வாங்குபவர் தன் நாட்டில் இறக்குமதி அறிவிப்புப் படிவம் போட்டு எண் வாங்கித் தருவார். அந்த எண், புரொஃபார்மா இன்வாய்ஸ், டெஸ்ட் ரிப்போர்ட் ஆகியவற்றோடு ஆய்வு நிறுவனத்திடம் விண்ணப்பியுங்கள். எப்போதாவது அனுப்புபவர்களுக்கு ‘ஏ’ வழி, அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் தனி ஆய்வு. அடிக்கடி அனுப்புபவர்கள் பொருளைப் பதிவுசெய்து ‘பி’ வழிக்குப் போகலாம். ஆய்வாளர் மலையேறி வரும் நாளில் மெஷின் பெட்டிக்குள் ஆணியடித்து மூடப்பட்டிருந்தால் அன்றைய தினம் வீண். பிளேட் பொருத்தி, பேனல் கதவு திறக்கும்படி, பெட்டிக்கு வெளியே நிறுத்தி வையுங்கள்.

உகாண்டாவுக்குப் போகும் சரக்கும் பெரும்பாலும் மொம்பாசாவில்தான் இறங்கும். ஆனால் அதற்குக் கென்யாச் சான்றிதழ் செல்லாது. உகாண்டாவுக்கும் தான்சானியாவுக்கும் தனித்தனி முறை உண்டு. சான்றிதழ் எந்த நாட்டுடையது என்பதை மெஷின் கடைசியாக ஓடப்போகும் ஊரை வைத்து முடிவுசெய்யுங்கள், கப்பல் நிற்கும் ஊரை வைத்தல்ல.

“சி.இ. சர்டிபிகேட் அனுப்பினோம், செல்லாது என்கிறார்”

சி.இ. என்பது மெஷின் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிக்கு ஒத்தது என்று காட்டும் குறி. இதில் ஏமாற்று வேலை அதிகம் நடக்கிறது, எனவே கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சில ஆயிரம் ரூபாய்க்கு, மெஷினைப் பார்க்காமலே, மெயிலில் பளபளப்பான சி.இ. சான்றிதழ் தருகிறோம் என்பவரிடம் வாங்குவது வெறும் அலங்காரக் காகிதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயந்திர விதியில் (2006/42/இசி) பெரும்பாலான உணவு மெஷின்களுக்கு மூன்றாம் நபர் சான்றிதழே கேட்கப்படவில்லை. கையால் இறைச்சி ஊட்டி அறுக்கும் பேண்ட் சா (பட்டை ரம்பம்) போன்ற சில மட்டும் தனிப்பட்டியலில் இருக்கின்றன. மற்றவற்றுக்கு, ‘என் மெஷின் விதிக்கு உட்பட்டது’ என்று தயாரிப்பாளரான நீங்களே கையெழுத்திட்டு இணக்க உறுதிமொழி கொடுக்க வேண்டும். பொறுப்பும் உங்களுடையதுதான்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்க வேண்டும்: வரைபடங்கள், மின்சுற்றுப் படம், ஆபத்து மதிப்பீடு, சோதனை முடிவுகள், கையேடு. மெஷின் செய்த பிறகு 10 ஆண்டு வரை அதை வைத்திருக்க வேண்டும். கோப்பைத் தொகுத்துத் தரக்கூடிய, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வசிக்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் உறுதிமொழியில் வேண்டும். நம்மவர்களின் உறுதிமொழி அதிகம் நிராகரிக்கப்படுவது இந்த ஒரு வரி காலியாக இருப்பதால்தான். பெரும்பாலும் வாங்குபவரே சம்மதிப்பார், முன்கூட்டிக் கேட்டால். கையேடும் மெஷின் ஓடும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். ஜெர்மனிக்கு ஆங்கிலக் கையேடு மட்டும் போதாது.

ஆபத்து மதிப்பீடு என்றதும் பயந்து கன்சல்டன்டைத் தேட வேண்டாம். டீ இலையை உருட்டும் ஆர்த்தடாக்ஸ் ரோலர் முன்னால் போய் நில்லுங்கள். மேலே உருளை வட்டமடிக்கிறது, கீழே கிராங்க் சுற்றுகிறது. சிதறும் இலையை உள்ளே தள்ளத் தொழிலாளியின் கை எங்கே போகும்? உருளையின் விளிம்புக்கும் மேஜைக்கும் இடையில். கிராங்க் பக்கம் கூட்ட வருபவரின் துடைப்பம் எங்கே மாட்டும்? இப்படி ஒவ்வொரு இடத்தையும் எழுதி, அதற்கு என்ன பாதுகாப்புத் தடுப்பு போட்டீர்கள், மூடி திறந்தால் மோட்டார் நிற்கிறதா, மஞ்சள் பின்னணியில் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கெட்டுகிறதா என்று பக்கத்தில் எழுதுங்கள். மெஷினை ஓட்டும் அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு எழுதினால் கன்சல்டன்ட் எழுதுவதைவிட நன்றாகவே வரும்.

இப்போது புதிதாகக் கோப்பு தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2027 ஜனவரி 20 முதல் இந்தப் பழைய விதிக்குப் பதில் (ஐரோப்பிய ஒன்றியம்) 2023/1230 என்ற புது ஒழுங்குமுறை நடைமுறைக்கு வருகிறது. டெலிவரி அந்தத் தேதியைத் தாண்டும் என்றால் புது எண்ணை வைத்தே எழுதுங்கள்.

“உணவு படும் பாகங்களுக்குச் சான்று எங்கே?”

சி.இ. வேறு, இது வேறு. ஐரோப்பாவில் இதற்கு 1935/2004 என்ற தனி ஒழுங்குமுறை. சாரம் சின்னதுதான்: பாகத்திலிருந்து உணவுக்குள் உடல்நலத்தைக் கெடுக்கும் அளவு எதுவும் இறங்கக் கூடாது, சுவையும் மணமும் கெடக் கூடாது, எந்தப் பொருள் யாரிடமிருந்து வந்தது என்று தடம் பிடிக்க முடிய வேண்டும். நம் பட்டறைகள் தடுமாறுவது அந்தக் கடைசி இடத்தில்.

கோவையில் 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு வாங்குகிறோம். பில்லில் 304 என்றிருக்கும். தகடு செய்த ஆலையின் தரச் சான்றான மில் சர்டிபிகேட் கேட்டால் கடைக்காரர் ஒரு ஜெராக்ஸ் தருவார். அதில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) தகட்டின் மேல் அச்சடித்த ஹீட் நம்பரும் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். பிறகு வரும் இரண்டாவது ஓட்டை: முழுத் தகட்டின் ஓரத்தில்தான் அந்த எண் இருக்கும். வெட்டியதும் எண் உள்ள துண்டு ஸ்கிராப் கூடைக்குப் போய்விடும். மீதித் துண்டுகள் எல்லாம் அனாதை. வெட்டும் முன்பே ஒவ்வொரு துண்டிலும், உணவு படாத பக்கத்தில், மார்க்கரால் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஜாப் கார்டிலும் குறியுங்கள்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். விலை குறைந்த 202-லும் காந்தம் அநேகமாக ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். சொட்டுமருந்து போல விட்டுப் பார்க்கும் சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. மாங்கனீசு அதிகமானால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் துண்டை லேபுக்கு அனுப்பி எக்ஸ்ரே துப்பாக்கியால் பார்த்துவிடலாம். முழு மெஷின் திரும்பி வருவதோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

அடுத்தது பித்தளை. பழைய பாணி ரோலர் மேஜையில் பித்தளைத் தகடும் பித்தளைப் பட்டைகளும்தான் போடுவார்கள். இலைக்கு அந்தப் பிடிப்பு வேறெதிலும் வராது என்று டீ மேக்கர்கள் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லேத்தில் சுலபமாகச் சீவ வரும் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். ஐரோப்பாவுக்குப் போவதாக இருந்தால் இரண்டே வழிதான்: ஈயம் இல்லாத பித்தளைக்குக் கலவைச் சான்றோடு லேப் சோதனை, அல்லது மேஜையை எஸ்.எஸ்.ஸுக்கு மாற்றிப் பட்டையின் உயரத்தையும் வளைவையும் திருத்துவது. இரண்டாவதைத் தேர்ந்தால் வாங்குபவரிடம் முன்பே சொல்லி, மாதிரி இலை உருட்டிக் காட்டிவிடுங்கள்.

தணிக்கையாளர் டார்ச் அடித்துப் பார்க்கும் மற்ற இடங்களும் உண்டு. ஹாப்பரின் உட்பக்கம் அழகுக்காக அடித்த சில்வர் பெயின்ட். பாதி வரை மட்டும் ஓடிய வெல்டிங். அந்த இடுக்கில் இலைச்சாறு காய்ந்து கறுத்திருக்கும். உணவு செல்லும் பாதைக்கு மேலே பேரிங்கில் வழியும் சாதாரண கிரீஸ், இதற்கு எச்1 என்று பதிவான உணவுத்தர கிரீஸ் போட்டு அதன் தரவுத்தாளைக் கோப்பில் வையுங்கள். பிளாஸ்டிக் கன்வேயர் பெல்ட்டுக்கு, 10/2011 ஒழுங்குமுறைப்படியான உறுதிமொழியை பெல்ட் விற்றவரிடமே கேட்டு வாங்க வேண்டும், நாம் எழுத முடியாது.

“அமெரிக்காக்காரர் எஃப்.டி.ஏ. சர்டிபிகேட் கேட்கிறார்”

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., மெஷினுக்கு அப்படி ஒரு சான்றிதழ் தருவதில்லை. தருகிறோம் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். வாங்குபவருக்கு உண்மையில் வேண்டியது, உணவு படும் பாகங்கள் அவர்கள் விதிக்கு ஒத்தவை என்ற கடிதமும், அமெரிக்க விதித்தொகுப்பில் ரப்பருக்கு 21 சி.எஃப்.ஆர். 177.2600, கிரீஸுக்கு 178.3570 ஆகியவற்றுக்கு உட்பட்டவை என்று அந்தந்த சப்ளையர் தந்த காகிதமும்தான்.

அமெரிக்காவில் நிஜமான இடி மின்சாரத்தில் விழும். அங்கே 60 ஹெர்ட்ஸ். நம் 50 ஹெர்ட்ஸ் மோட்டார் அங்கே ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட ஓடும். ரோலரில் இலை சூடேறும். டிரையர் ஃபேனுக்கு நிலைமை இன்னும் மோசம்: வேகம் 1.2 மடங்கானால் சுமை சுமார் 1.7 மடங்கு. மோட்டார் டிரிப் ஆகிறது என்று மெயில் வந்தால் முதலில் பேரிங்கைச் சந்தேகிக்காமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புல்லியை மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். பேனலைப் பொறுத்தவரை, உள்ளூர் மின் ஆய்வாளர், மின் பேனல்களுக்கான பாதுகாப்புத் தரமான யு.எல். 508ஏ முத்திரை கேட்பார். அங்கேயே ஒரு பேனல் கடையில் செய்துகொள்ளச் சொல்லி, சுற்றுப் படத்தை மட்டும் அனுப்புவதே சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும்.

“இலங்கையில் சலுகை வரி கிடைக்கவில்லை”

இந்திய-இலங்கை ஒப்பந்தச் சலுகைக்கு, எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் சாதாரணத் தோற்றச் சான்று போதாது. ஏற்றுமதி ஆய்வு முகமை தரும் சலுகைத் தோற்றச் சான்று வேண்டும். அந்த மெஷின் சலுகைப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) குறைந்தது 35 சதவீதம் இங்கே சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். இறக்குமதி கியர் பாக்ஸ், இறக்குமதி டிரைவ் என்று அடுக்கிய மெஷின் இதில் தவறும். செலவுக் கணக்கைக் கப்பல் ஏறிய பிறகு தேடாதீர்கள்.

“புது மெஷினைப் பழையது என்கிறார்கள்”

போன வருடம் அடித்து வைத்த நேம் பிளேட்டை இந்த வருட மெஷினில் திருகிவிட்டால் இதுதான் நடக்கும். பல நாடுகளில் பழைய மெஷினுக்குத் தனி விதி, தனி ஆய்வு. ஐரோப்பிய விதிப்படி பிளேட்டில் இருக்க வேண்டிய ஆண்டு, மெஷின் செய்து முடித்த ஆண்டு. முன்தேதி, பின்தேதி இரண்டும் கூடாது. கூடவே தயாரிப்பாளரின் முழு முகவரி, மாடல், வரிசை எண். சி.இ. எழுத்துகள் 5 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம்.

வரிசை எண்ணை இன்வாய்ஸிலும் ஷிப்பிங் பில்லிலும் எழுதும்படி ஏஜென்டை வற்புறுத்துங்கள். கியர் பாக்ஸ் உடைந்து மெஷின் ரிப்பேருக்குத் திரும்பி வரும் நாளில், ‘நாம் அனுப்பிய அதே மெஷின்தான் இது’ என்று நம் சுங்கத்துறையிடம் நிரூபிக்க அந்த எண்தான் வேண்டும். ஒட்டும் ஸ்டிக்கர் பிளேட் ஈரத்தில் உரிந்துவிடும். எஸ்.எஸ். பிளேட்டில் எழுத்தைப் பொறித்து, நான்கு மூலையிலும் ரிவெட் அடித்துவிடுங்கள். அதே எண்ணைச் சட்டத்தின் மேலும் பஞ்ச் வைத்துக் குத்திவிடுங்கள்.